இருக்கைக்கு அடியில் ஒரு தகடு

எங்கள் ஷெட்டில் அவனைக் கோந்து என்றுதான் கூப்பிடுவோம். போருக்கு முன் தையல்காரன். சட்டை தைத்துக்கொண்டிருந்தவனைப் பிடித்து விமானம் தைக்க வைத்துவிட்டார்கள். விமானம் என்றதும் பிரமாதமாக நினைக்க வேண்டாம். இரும்புக் குழாய்க்கு மேல் துணி, துணிக்கு மேல் வார்னிஷ், அவ்வளவுதான். முன்னால் பைலட், பின்னால், எதிரியின் பீரங்கி எங்கே நிற்கிறது என்று பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்பவர். துப்பாக்கிகூடக் கிடையாது. துணியில் குண்டு துளைத்து வந்தால் கோந்து ஒட்டுப்போடுவான்.

பைலட் அவனுடைய தங்கை புருஷன். கீழேயிருந்துதான் சுடுகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, அடியில் ஏதாவது தடுப்பு வை என்று தங்கை இவன் உயிரை எடுத்தாள். நொறுங்கிக் கிடந்த லாரியிலிருந்து கனமான தகடு ஒன்றை வெட்டி, பைலட் இருக்கைக்கு அடியில் முடுக்கினான் கோந்து. அன்றைக்குத்தான் அவன் நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்த்தேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஓடுதளம் என்று நாங்கள் பீற்றிக்கொண்ட மைதானம் சேறாகிவிட்டது. சக்கரம் புதைந்து, விமானம் எழும்பவே மாட்டேன் என்றது. எதிரே வரிசையாக மரங்கள். பெட்ரோலைக் குறைத்துப் பார்த்தும் பலிக்கவில்லை. பைலட் இறங்கி வந்தார்.

"தகட்டக் கழட்டிருங்க மச்சான்."

"தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது மாப்ள?"

"மரத்துல மோதினா மட்டும் என்ன சொல்லுவீங்க?"

போகாதே என்று சொல்ல எங்களுக்கு ஏது அதிகாரம்? சொல்லக்கூடியவர்கள் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கோந்து கழற்றினான். விமானம் மரங்களைத் தாண்டிப் போனது.

திரும்பி வந்தபோது ஓட்டி வந்தவர் பின்னால் இருந்தவர். பின் இருக்கையிலும் ஓட்டும் கம்பி உண்டு. முன் இருக்கைக்கு அடியில், துணியில் ஒரே ஒரு ஓட்டை, சுண்டுவிரல் நுழையுமளவு. காலையில் வேறு பைலட் வருகிறார், உடனே ஒட்டு என்று உத்தரவு. கோந்து ரத்தத்தைக் கழுவிவிட்டு ஒட்டினான்.

தங்கை வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அழுது ஓய்ந்த பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தகடு இருந்ததா என்று. இருந்தது என்றான் கோந்து.

அவள் அவன் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உன்னால ஆனத நீ செஞ்சிட்டண்ணே."

அவனால் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை. வெளியே மழை விட்டபாடில்லை. காலையில் புது பைலட் கிளம்ப வேண்டும்.