லாரி டியூப் மேல் உட்கார்ந்து எடுத்த நிறமாலை

அன்று ஆய்வகத்தில் இருந்தது மூன்று பேர்: நான், எனக்கு ஓராண்டு மூத்த ஆய்வு மாணவியான அக்கா, அகச்சிவப்பு நிறமாலைக் கருவியை இயக்கும் அண்ணன். எங்கள் நெறியாளர் வத்தலக்குண்டில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். நைட்ரஜன் சிலிண்டரும் இல்லை. நிரப்புவதற்காக மதுரைக்குப் போனது திரும்பவில்லை.

நெறியாளர் இல்லாமல் வேலை நடக்கும். சிலிண்டர் இல்லாமல் நடக்காது. தண்ணீர் மூலக்கூறுகள் இரண்டும் மூன்றுமாகக் கைகோத்துத் திரளும் விதத்தைத்தான் நான் பார்க்க வேண்டும். ஒரு கரைப்பானில் துளியளவு தண்ணீரைக் கலந்து அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால், தனி மூலக்கூறு ஓரிடத்திலும் சேர்ந்தவை சற்றுத் தள்ளியும் ஒளியை உறிஞ்சும். ஆனால் கருவிக்குள் இருக்கும் காற்றின் ஈரமும் தண்ணீர்தானே? உலர்ந்த நைட்ரஜனை விட்டு அதை விரட்டாவிட்டால் திரை முழுக்க முள்முள்ளாக அதுதான் நிற்கும். வெளியே மழை வேறு.

கருவி எனக்கு மாலை ஐந்து வரைதான். அடுத்த முறை வருவதற்குள் ஆய்வேட்டை ஒப்படைக்கும் கெடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கெடு தவறினால் அதை அங்கே எப்படி விளக்குவது என்றுகூடத் தெரியவில்லை.

"வேற வழியே இல்லையாண்ணே?" என்று கருவியின் மேல் குனிந்தேன்.

"ஏலே, தள்ளி நின்னு பேசு. நீ விடுற மூச்சுதான் இதுல கோடு கோடா ஏறுது" என்றார் அண்ணன்.

அக்காதான் யோசித்துச் சொன்னார்: "மதுரை ரோட்டு டயர் கடையில நைட்ரஜன் அடிக்கிறாங்கள்ல?"

ஆட்டோ பிடித்துப் போனேன்.

"எந்த வண்டிக்கு?" என்றார் கடைக்காரர்.

"வண்டிக்கு இல்லண்ணே. தண்ணிக்கு."

"தண்ணிக்குக் காத்தடிக்கிற ஆள இன்னிக்குத்தான்பா பாக்குறேன்."

பழைய லாரி டியூப் ஒன்றை எடுத்தார். அது பஞ்சர் ஒட்டியது, உள்ளே ஈரம் இருக்கும் என்று புது டியூபாகக் கேட்டு வாங்கி நிரப்பிக்கொண்டேன்.

டியூபிலிருந்து குழாய் இழுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் வழியாகக் கருவிக்குள் விட்டோம். அழுத்தம் போதவில்லை.

"அது மேல உக்காருடா" என்றார் அக்கா. மூச்சின் ஈரம் கருவிக்குள் போகாதபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்தேன்.

அப்போது பார்த்து அம்மாவிடமிருந்து போன். அக்கா வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் ஸ்பீக்கரில் போட்டார்.

"புள்ள சாப்ட்டானா?"

"இன்னும் இல்லம்மா. லாரி டியூப் மேல உக்காந்திருக்கான்."

"இதுக்கா தாயி இம்புட்டுப் படிச்சான்?"

"இதுக்குத்தாம்மா."

சிரிப்பை அடக்க முடியாமல் அண்ணன் கதவுக்கு வெளியே ஓடினார்.

முட்கள் மெல்லக் குட்டையாயின. தனி மூலக்கூறின் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு திமில் தெரிந்தது. தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி மறுபடி எடுத்தோம்; திமில் பெருத்து அகன்றது. சேர்கின்றன! மூடியைத் திறந்து மாதிரியை மாற்றும்போதெல்லாம் மறுபடி போய் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்குள் கடைசிப் பதிவும் முடிந்தது.

டியூபைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "ஆள் உக்காந்த டியூப நான் யாருக்கு விக்கிறது?" என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். ஆய்வு நிதியில் லாரி டியூபுக்கு இடமில்லை. டியூப், நைட்ரஜன், ஆட்டோ எல்லாம் சேர்த்து நானும் அக்காவும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம்: ஆயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.