என் கதவு எண்ணுக்கு வந்த அவள் கடிதம்

அந்த மனுவில் அவளுடைய ஊரை எழுதாமல் என் குவார்ட்டர்ஸ் எண்ணை ஏன் எழுதினேன்?

அவள் காலையில் கீரை கொண்டு வருபவள். அவளுடைய ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீடு இழப்பவர்கள் மனு கொடுத்தால் வேறிடத்தில் மனை தருவார்கள் என்று பேச்சு. அவளுக்கு எழுதத் தெரியாது.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தவள். கணவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் நானும் எட்டு மாதக் குழந்தையும்தான். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். எல்லாக் கதவும் சாத்தியிருக்கும்.

"இன்னாம்மா, அடகாக்குற கோழியாட்டம் உள்ளயே குந்திகினு இருக்க?" என்பாள். பல நாட்கள் என்னிடம் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

நான் மனு எழுத, குழந்தையை அவள் இடுப்பில் வைத்திருந்தாள். பதில் முகவரி வந்ததும் என் பேனா நின்றது.

"எங்க வூட்டப் போடாதம்மா. தபால்காரரு வர்றதுக்குள்ள மிசினு வந்துடும்," என்று சிரித்தாள்.

"எங்க வீட்டைப் போடட்டுமா அக்கா?"

"போடு. ஒன் வூடு எங்க ஓடப்போவுது?"

அதன்பின் வாரந்தோறும் கூடையை இறக்குமுன் "வந்துச்சா?" என்று கேட்பாள். அடுத்த பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது, "மூணு மாசத்துல வந்துடுவேன்," என்றேன். பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லை, அம்மா விடவில்லை, ஆறு மாதமாயிற்று. கணவருக்கு எத்தனையோ கடிதம் எழுதினேன். ஒன்றில்கூட அவள் பெயருக்குக் கடிதம் வரும் என்று சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே அந்த உறை பிரிக்காமல் கிடந்தது.

"உன் பேரும் இல்ல, என் பேரும் இல்ல. தப்பா வந்ததுன்னு நெனச்சேன்," என்றார் கணவர்.

மனையை ஏற்க அவள் நேரில் வரவேண்டிய நாள் அதில் இருந்தது. அது எப்போதோ கடந்துவிட்டது.

"யாராவது வந்தாங்களா?"

"பகல்ல ரெண்டு தடவை கதவத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. நைட் ஷிப்ட் பாத்துட்டுத் தூங்கிட்டிருந்தேன்."

அவரை என்ன சொல்வது?

மனு கொடுத்த ஆபீஸில் விசாரித்தேன். "அவங்களே வந்தா மறுபடி பார்க்கலாம்மா," என்றார் குமாஸ்தா. அவள் ஊருக்குப் போகும் பாதை வேலியோடு நின்றது, அப்பால் மண்மேடு. குறிஞ்சிப்பாடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றாள் மோர்க்காரி. இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். மகளின் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை என்பது பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் உறைத்தது. அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

இப்போது எங்களுக்கு வேறு பிளாக்கில் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டு. இந்த வாரத்துக்குள் சம்மதம் எழுதித் தர வேண்டும். "யாராவது வேண்டாம்பாங்களா?" என்கிறார் கணவர். ஆனால் அவளுக்குத் தெரிந்த கதவு இது ஒன்றுதான். அடுத்து குடிவருபவர்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம். அவர்களும் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவார்களே.

என் இடத்தில் இருந்தால் நீங்கள் வீடு மாறுவீர்களா? அவள் கடிதத்தை என்ன செய்வீர்கள்? தெரிந்தவர்கள் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.