டாக்டர் வாங்கிய ஏரி

திருப்போரூரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. ஐம்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று டாக்டர் ஊசி போடும்போதே பேசுவார். எல்லாம் மனையில் போட்ட பணமாம். "நீயும் ஒண்ணு போடும்மா" என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று, மகளின் நர்சிங் படிப்புக்குச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு அவர் காரிலேயே மனை பார்க்கப் போனேன்.

மஞ்சள் கல், கொடி, பிரியாணி எல்லாம் இருந்தது. ஓரத்தில் பழைய மதகும் இருந்தது.

"இன்னா சார், ஏரியில கல்லு நட்டுக்கீறாங்க?"

"அப்ரூவல் வாங்கின இடம்மா. உனக்கு என்ன தெரியும்?"

"இந்த மதகாண்ட துணி தொவச்சவ சார் நானு."

சிரித்தார். இரண்டு மனைக்குக் கையெழுத்துப் போட்டார். நான் பிரியாணியைத் தின்றுவிட்டு, பணத்தோடு பஸ் ஏறினேன்.

ஐப்பசி மழையில் கல்லெல்லாம் முழுகிவிட்டது. "அன்னைக்கே அழுத்திச் சொல்லக் கூடாதா?" என்று என்னையே கேட்கிறார். இந்த மனுஷன்தான் எனக்குப் புத்தி சொன்னார்.

மகள் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மழைக்காலத்தில் போய்ப் பார்க்காத மண்ணுக்கு இனி நான் பணம் எடுப்பதில்லை. டாக்டரிடம் காய்ச்சலுக்கு மட்டும்தான் யோசனை கேட்கிறேன்.