பேச்சியக்கா எடுத்த வரலாறு

"டீச்சர், நம்ம பேச்சி போயிருச்சு" என்று ஜீப் ஓட்டும் முருகன் அலைபேசியில் சொன்னபோது, போடியில் எங்கள் தொலைநிலைக் கல்வி மையத்தில் நான் ஞாயிறு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டதாம். ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று அதுவரை மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பேச்சியம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்த மாணவி. தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கும் வேலை. புத்தகப் பைத்தியம் என்று தெருவே சொல்லும். அதனால் சேர்க்கைப் படிவத்தில் நானாகவே தமிழ் இலக்கியம் என்று எழுதப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் டீச்சர். கதை எனக்குச் சக்கரை. அதுல பரிச்ச வச்சா கசந்துபோகும். வரலாறு போடுங்க, அதுதான் எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது."

தமிழ் எடுத்துப் படித்த எனக்குச் சுருக்கென்றது.

ஒருமுறை அவரோடு மலைக்குப் போனேன். வளைவுக்கு வளைவு எனக்குத் தலை சுற்ற, அவரோ நெருக்கியடித்த பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து சத்தமாகக் கதை வாசித்துக்கொண்டு வந்தார். பெண்கள் எல்லோரும் கதைக்குள் போய்விட்டார்கள். தோட்டத்து கேட்டைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் முருகனுக்கே சுதாரிப்பு வந்தது.

"அண்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுங்க. கதையில வர்ற பொண்ணு எங்கயும் ஓடிற மாட்டா" என்றார் பேச்சியக்கா. தாமதத்துக்குக் கங்காணியிடம் ஏச்சு வாங்கியவரும் அவர்தான்.

இறங்கும்போது என்னிடம் கேட்டார்: "இப்ப நீங்க என்ன கதை வாசிக்கிறீக டீச்சர்?"

வாசிக்கும் ஆசையில்தான் தமிழ் எடுத்தேன். வேலை கிடைத்த பிறகு பாடக்குறிப்புக்காக அன்றி ஒரு புத்தகத்தையும் திறந்ததில்லை. "அதுக்கெல்லாம் எங்க நேரமிருக்கு அக்கா" என்று எரிந்து விழுந்தேன். அடுத்த ஞாயிறு, அட்டை கிழிந்த நாவல் ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"சும்மா வாசிங்க. நான் ஒண்ணும் கேள்வி கேக்க மாட்டேன்."

இரண்டே நாளில் முடித்தேன். இத்தனை வருடத்தை வீணாக்கிவிட்டேனே என்று அழுகை வந்தது.

வரலாறு அவருக்கு லேசில் வசப்படவில்லை. முதலாண்டில் இரண்டு தாளில் தோற்றார். சளைக்காமல் மறுபடி எழுதித் தேறினார். கடைசித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் போய்விட்டார். எனக்கு ஆறவே இல்லை.

அவரோடு ஜீப்பில் போய்வந்து, இன்று அவரை நினைத்துக் கூடியிருக்கும் பெண்களே, பட்டம் என்னிடம் முன்பே இருந்தது. வாசிப்பைத் திருப்பித் தந்தவர் உங்கள் பேச்சியக்கா. அதை நான் விடவில்லை. நேற்றுகூட ஒரு கதை வாசித்தேன். நல்ல கதை. பாதியில், ஞாயிற்றுக்கிழமை அவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.