தம்பியின் போனில் இருந்த மீன்கள்

அந்தமானில் டைவிங் கைடாக இருந்த என் தம்பி காய்ச்சலில் இறந்து இன்று பதினைந்தாம் நாள். வீட்டில் இருப்பது அவனுடைய பள்ளிக்கூடப் படம்தான். மாலை போட வேறு படம் தேடி, அவன் போனோடு செஞ்சி பஜார் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

போன் முழுக்கக் கடலடி.

"இன்னாம்மா இது, கல்லா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"மீனுண்ணா. துடுப்பக் கால் மாதிரி ஊணி மண்ணுல நடக்கும்."

"இது?"

"ஆக்டோபஸ். ரெண்டு சிப்பிய மூடிக்கினு உள்ள உக்காந்திருக்குது."

வாராவாரம் போனில் அவன் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அழுகை வரவில்லை.

கடைசியில் அவன் இருக்கும் படம் ஒன்று கிடைத்தது. அதிலும் டைவிங் கண்ணாடியை மேலே ஏற்றி நெற்றியை மறைத்திருந்தான்.

"கண்ணாடிய எடிட் பண்ணி எடுத்துடட்டுமா?"

"வேணாண்ணா. அப்படியே போடுங்க."

நாளை காரியம். படத்தில் நெற்றிக்கு வைக்கும் சந்தனப் பொட்டை அந்த டைவிங் கண்ணாடி மேலேயே வைத்துவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.