ரிலே அணைந்தே இருக்கட்டும்

தேன்மொழி அக்கா இறந்த செய்தி, பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. சித்தப்பாவே வந்து சொன்னார். "அரிமளத்துல ஷாக் அடிச்சிருச்சுத்தா. பீஸ் கட்டையப் புடுங்காம மோட்டார்ல கை வச்சிருக்கு." அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்பதற்குள், தவறு யாருடையது என்பதையும் சொல்லிவிட்டார். அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

இலுப்பூரில் சித்தப்பாவின் பட்டறையில் பம்புசெட்டுக்குத் தானியங்கி ஸ்டார்ட்டர் செய்கிறார்கள். அம்மா இல்லை, அப்பா குவைத்தில். அதனால் சித்தப்பா வீட்டில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். ஒவ்வொரு ஸ்டார்ட்டருக்குள்ளும் சிறிய ஏஆர்எம் சிப் ஒன்று உண்டு. கரண்ட் வந்ததும் அதில் முதலில் ஓடும் நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். அதை உருவாக்கும் முன், எது வேண்டும் எது வேண்டாம் என்று கணினியில் ஒரு நீண்ட பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டறையில் வேலை பார்த்த தேன்மொழி அக்காவின் வேலை அதுதான்.

அக்கா அதைத் தனியாக முடித்ததே இல்லை. பள்ளி விட்டு வந்ததும் நான் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிப்பேன். அவர் அதைத் தன் நோட்டில் எழுதி, பென்சிலால் டிக் போடுவார். "பழகுன வரிய கண்ணு தாண்டிரும்டி, வாய் தாண்டாது" என்பார். வேகமாகப் படித்தால், "பஸ்ஸா போயிரப் போகுது? மறுபடி படி" என்பார். 'தொடக்கத்தில் ரிலே அணைந்திருக்கட்டும்: ஆம்' என்ற வரியை மட்டும் இரண்டு முறை படிக்க வேண்டும். மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவது அந்த ரிலே. வெளியே இருக்கும் சுவிட்ச் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று மூன்று விநாடி பார்த்த பிறகே அது திறக்கும்; சுவிட்ச் அணைந்திருந்தால் திறக்காது.

சித்தப்பாவுக்கு அந்த மூன்று விநாடி பிடிக்கவில்லை. "த்ரீ பேஸ் வந்த நொடியில மோட்டார் ஓடணும்மா. நின்னு யோசிக்க அது என்ன கலெக்டரா?"

"வயல்ல ஆளு நிப்பாங்க சார். சுவிட்ச்சப் பாத்துட்டே ஓடட்டும்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். சித்தப்பா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்து அக்கா தன் ஊரான கறம்பக்குடிக்குப் போனார். திரும்பிய அன்றே, பட்டறையில் தயாராக இருந்த ஒரு ஸ்டார்ட்டரை எடுத்துக்கொண்டு அரிமளத்துக்குக் கிளம்பினார். அங்கே ஒரு வயல் பம்புசெட்டில் அதை மாட்டி, சுவிட்சை அணைத்துவிட்டு மோட்டார் ஒயரைத் தொட்டிருக்கிறார். அப்போது கரண்ட் வந்தது. பீஸ் கட்டையைப் பிடுங்காதது அவர் தவறுதான், மறைக்கமாட்டேன். நாங்கள் இரண்டு முறை படித்த வரி அந்தச் சிப்பில் இருக்கிறது என்று அவர் நம்பிவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பட்டறைக் கணினியைத் திறந்தேன். அந்த வரியில் 'இல்லை' என்று இருந்தது. மூன்று விநாடி, பூஜ்யமாகியிருந்தது. மாற்றப்பட்டது அக்கா காய்ச்சலில் ஊரில் கிடந்த நாளில். கடவுச்சொல் தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான் தொடவில்லை. அடுத்த நாள் பார்த்தபோது அந்தக் கோப்பே இல்லை.

அன்றிலிருந்து சித்தப்பா தினமும் கேட்கிறார். "ஏத்தா, அந்தப் பொண்ணோட நோட்டு எங்கிட்டுக் கெடக்கு?" நேற்று பரோட்டா வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். தின்றுகொண்டே, "தெரியல சித்தப்பா" என்றேன். நோட்டு என் புத்தகப் பைக்குள் இருக்கிறது. இப்போதும் கூடத்தில் அவர் இருமினால் விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் நின்ற பிறகே உங்களுக்கு இதை எழுதுகிறேன். இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக இடமில்லை.

சாகட்டும் என்று யாரும் அதை மாற்றியதாக நான் சொல்லவில்லை. ஆனால் அக்காவை அறிந்த உங்களிடம், அவர் கவனமில்லாமல் வேலை செய்தார் என்று சொல்லப்படுகிறது. நாளை முப்பதாம் நாள் கும்பிட எல்லோரும் கறம்பக்குடிக்கு வருவீர்கள். சித்தப்பாவும் வருவார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் ஒன்றுதான். நோட்டை அவருடைய அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அதற்கு முன் உங்கள் எல்லோர் முன்னாலும் அந்த வரியைப் படிப்பேன், இரண்டு முறை.