கோட்காரர் சொன்ன காரணங்கள்

லிங்கராஜபுரத்தில் நாங்கள் இருப்பது லீஸ் வீடு. வீட்டுக்காரரிடம் பெருந்தொகையைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. லீஸைப் புதுப்பிக்கும்போது அவர் கூடுதலாகக் கேட்பார் என்று சேர்த்துவைத்த பணத்தை, மைத்துனன் பேச்சைக் கேட்டுப் பங்குகளில் போட்டிருந்தேன். கெடு நெருங்கிய வாரம் பார்த்துச் சந்தை சரிந்தது.

டிவியில் கோட் போட்ட ஒருவர், கச்சா எண்ணெய் விலை ஏறியதுதான் காரணம் என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதை அப்படியே மனைவியிடம் சொன்னேன்.

"நாம என்ன அந்த எண்ணெயிலயா வடை சுடுறோம்?" என்றாள்.

இரண்டு நாளில் சந்தை கொஞ்சம் மீண்டது. எண்ணெய் விலை மட்டும் இறங்கவில்லை. முதலீட்டாளர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்றார் அதே கோட்காரர்.

"உங்களுக்கு வந்துச்சாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லையே."

"அப்ப யாருக்கு வந்துச்சாம்?"

எனக்கு வெளியில் யாரிடமும் கேட்கக் கூச்சம். நம்பிக்கை வந்தவர்கள் மனம் மாறுவதற்குள் எல்லாவற்றையும் விற்றேன். குறைந்ததற்கு மனைவியின் சீட்டுப் பணத்தைப் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்தோம். வீடு கைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் சந்தை விறுவிறுவென ஏறியது. பயந்த சிறு முதலீட்டாளர்கள் எல்லோரும் விற்றுவிட்டு வெளியேறியதால்தான் இந்த ஏற்றம் என்று கோட்காரர் விளக்கினார்.

மனைவி டிவி சத்தத்தைக் குறைத்தாள். "நீங்க எப்போ கிளம்புவீங்கன்னுதான் அது காத்துக்கிட்டு இருந்திருக்கு."

அவர் சொன்ன காரணங்களில் இது ஒன்றைத்தான் நான் முழுதாக நம்பினேன்.